ஈறு அறுவைச் சிகிச்சைக்குப் பின்: புண் ஆறவும் வலி தணியவும் – கேள்வி பதில்

ஈற்றைப் பிரித்து வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்து மீண்டும் தைக்கும் ஃப்ளாப் சிகிச்சை, ஈறு இறங்கிய இடத்தில் வேறு திசுவை வைத்துத் தைக்கும் ஒட்டுச் சிகிச்சை ஆகியவற்றைச் செய்துகொண்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உங்கள் மருத்துவர் தந்த குறிப்பு என் பதிலிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்; உங்கள் வாய்க்குள் என்ன செய்யப்பட்டது என்பதை நேரில் அறிந்தவர் அவர்தான்.

கேள்வி: வணக்கம் டாக்டர். இன்று காலையில்தான் கீழ்த்தாடையில் ஃப்ளாப் சிகிச்சை முடிந்தது. உதடு இன்னும் மரத்திருக்கிறது, வலியே இல்லை. வலி வந்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அதுவரை காத்திருக்காதீர்கள். மரப்பு ஊசியின் வேலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது தீர்வதற்குள் முதல் மாத்திரை உடலில் சேர்ந்திருந்தால், வலி தலைதூக்கும்போதே அடங்கிவிடும். முற்றிவிட்ட வலியைத் தணிப்பது, வராமல் தடுப்பதைவிடக் கடினம். வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. ஆகிய இரண்டையும் சேர்த்துத் தருவது, தனித்தனியே தருவதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒன்று காயத்தில் எழும் அழற்சியைக் குறைக்கிறது, மற்றொன்று பெரும்பாலும் மூளையின் வழியாக வலியுணர்வைக் குறைக்கிறது. உங்கள் மருத்துவர் இவற்றை எழுதித் தந்திருந்தால், முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அவர் குறித்த இடைவெளியில் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் போடக் கூடாது. பாராசிட்டமால் எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரப்பு நீங்கும்வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள். உதடு வெந்தாலும் கடிபட்டாலும் இப்போது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: என் அம்மாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு உண்டு, இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரினும் எடுத்துக்கொள்கிறார். அவரும் இதே மாத்திரைகளைப் போடலாமா?

பதில்: ஐபுப்ரோஃபென் அவருக்கு வேண்டாம். அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினின் இதயக் காப்பையும் கெடுக்கக்கூடும். வயிற்றுப் புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்கள், வலிமாத்திரையால் மூச்சுத்திணறல் வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பாராசிட்டமாலை மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். ஈற்றில் ரத்தம் கசிகிறதே என்று பயந்து, இதயத்துக்கான ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈற்றுக் கசிவை அழுத்தி நிறுத்திவிட முடியும். இதயத்தில் அடைப்பு வந்தால் அப்படி முடியாது.

கேள்வி: முதல் நாள் இரவு தலையணையெல்லாம் சிவப்பாகிவிட்டது. இது இயல்பா?

பதில்: உமிழ்நீருடன் கலந்த இளஞ்சிவப்புக் கசிவு முதல் நாளில் இயல்பு, சிறிதளவு ரத்தமும் எச்சிலில் கலந்தால் மிக அதிகமாகத் தெரியும். ரத்தம் திரண்டு வாயை நிரப்பினால், நனைத்துப் பிழிந்த சுத்தமான துணிச்சுருளைக் காயத்தின்மேல் வைத்து, இருபது நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறைந்த ரத்தம் துணியோடு பெயர்ந்து வந்துவிடும். துப்பவும் வேண்டாம், உறிஞ்சுகுழலில் குடிக்கவும் வேண்டாம்; இரண்டும் காயத்தை உறிஞ்சி இழுக்கின்றன. அழுத்திய பிறகும் நிற்காவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள். முதல் இரண்டு இரவுகள் தலையைச் சற்று உயர்த்தி வைத்துத் தூங்குங்கள்.

கேள்வி: மூன்றாம் நாள் கன்னம் முன்பைவிட வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தும் பயனில்லையே?

பதில்: வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடையும், பிறகு தானாகவே இறங்கும். ஐஸ் ஒத்தடத்தின் பலன் முதல் நாளிலும் மறுநாளிலும்தான்: துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்புறத்தில் பதினைந்து நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் இளஞ்சூட்டு ஒத்தடமே இதமளிக்கும். ஆனால் ஒருமுறை குறைந்த வீக்கமோ வலியோ நான்காம் ஐந்தாம் நாளில் திரும்பக் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் நேரே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: தையலின்மேல் வெண்மஞ்சள் படலம் படிந்திருக்கிறது. சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைக்கப் பார்த்தேன், வரவில்லை.

பதில்: வராததே நல்லது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரதத்தாலான படலம். வெளித்தோலில் காயம் உலர்ந்து பொருக்குக் கட்டும். வாய்க்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் பொருக்குக்குப் பதிலாக இந்தப் படலம் உருவாகிறது. இதன் அடியில்தான் புண்ணின் விளிம்பிலிருந்து புதிய மேல்தோல் நகர்ந்து வருகிறது. அது ஒரு நாளில் கடக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒருமுறை துடைத்து எடுத்தால் அத்தனை நாள் வேலையும் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சீழ் என்றால் அழுத்தும்போது திரவமாக வெளிவரும். கெட்ட சுவையும் கூடும் வலியும் உடனிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் இழுத்து, காயம் ஆறிவிட்டதா என்று நாளுக்குப் பலமுறை பார்க்கிறார்கள். உதட்டை இழுக்கும்போது ஈறும் சேர்ந்து இழுபட்டு, தையல் திசுவை அறுக்கிறது. கவலையால் செய்கிறீர்கள் என்பது புரிகிறது, ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். ஈறு பல்லோடு ஒட்டுவதற்கு அசைவின்மை வேண்டும். வேறெந்த மருந்தைவிடவும் அதுதான் முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து முன்பல் ஈற்றில் ஒட்டு வைத்தார்கள். ஐந்தாம் நாள் ஒட்டு வெளுத்து உரிகிறது. செத்துப்போய்விட்டதா? ஒட்டைவிட அண்ணம்தான் அதிகம் வலிக்கிறது.

பதில்: இடம் மாற்றிய திசுவுக்கு முதல் இரண்டொரு நாள் தனி ரத்த ஓட்டம் கிடையாது, அடியிலுள்ள பரப்பிலிருந்து கசியும் ஊநீரை உறிஞ்சியே உயிர் பிழைக்கிறது. பிறகுதான் நுண்குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. இடைப்பட்ட நாள்களில் அதன் மேற்படலம் வெளுத்து உரிவதும், அடியில் சிவந்த பரப்பு தெரிவதும் வழக்கமே. ஒட்டு முழுவதும் ஆடினாலோ, கருத்து நாற்றமடித்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

அண்ணத்தில் தையலால் மூடாத திறந்த புண் இருந்தால், அது சூடு, காரம், நாக்கின் உரசல் அனைத்தையும் நேரடியாக உணரும்; அங்கே வலி அதிகம் இருப்பதில் வியப்பில்லை. அதை மறைக்கும் பிளாஸ்டிக் தட்டு தந்திருந்தால், முதல் வாரம் முழுவதும் அணியுங்கள். சாப்பிடும் வேளையில் அதன் அருமை தெரியும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்தப் புண் மூடிக்கொள்ளும்.

கேள்வி: பல் துலக்காமல் எத்தனை நாள் இருப்பது?

பதில்: அறுவை செய்யாத பற்களை முதல் நாளிலிருந்தே மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும், கிருமிகள் அங்கிருந்துதான் காயத்துக்கு வருகின்றன. தையல் உள்ள இடத்தைத் தொடாதீர்கள். ஃப்ளாப் சிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு வாரமும், ஒட்டுக்குப் பின் அதைவிட அதிகமும் பொறுக்க வேண்டும். அந்த நாள்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் காலையும் இரவும் பிரஷ்ஷின் வேலையைப் பார்க்கும். பற்பசையின் நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைப்பதால், துலக்கி அரைமணி கழித்தே அதைப் பயன்படுத்துங்கள். இந்தத் திரவத்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம், சுவை சில நாள் மாறலாம். கறையை மருத்துவர் நீக்கிவிடுவார். முதல் நாள் எதையும் கொப்பளிக்காதீர்கள். அதன்பிறகும் திரவத்தை வாயில் வைத்து, தலையை மெல்லச் சாய்த்து அந்தப் பக்கம் நனையவிட்டு, துப்பாமல் வாயைத் திறந்து தானாக விழவிடுங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்தும் இப்படிச் செய்யலாம்.

கேள்வி: காயத்தை மூட ஈற்றின்மேல் வைத்த இளஞ்சிவப்புப் பேக் (பசைக்கட்டு) மூன்றாம் நாளே விழுந்துவிட்டது.

பதில்: வலியும் ரத்தமும் இல்லையென்றால் பயமில்லை, மருத்துவரிடம் தெரிவியுங்கள், நீங்களாகத் திரும்பப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: கிராம்புத் தைலம் தடவலாமா?

பதில்: தடவ வேண்டாம். அதிலுள்ள யூஜினால் திறந்த திசுவை எரிக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைப்பதும் அப்படியே. அந்த இடம் வெந்து வெளுத்துவிடும்.

கேள்வி: ஒரு வாரம் புகைக்காமல் இருந்தால் போதுமா? சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. புதிய குழாய்கள் வளர வேண்டிய முதல் வாரங்களில் இவை இரண்டும் சேர்ந்தால், நன்றாகச் செய்த சிகிச்சையும் தோற்கும். ஒட்டுக்கு இது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் போதாது. நிரந்தரமாக விட்டுவிட வேண்டும் என்பதே என் மனப்பூர்வமான வேண்டுகோள், ஏனெனில் ஈறு நோய் திரும்பி வருவதற்கும் புகைப்பது ஒரு பெருங்காரணம். சர்க்கரை அதிகமாக இருந்தால் வெள்ளணுக்கள் மந்தமாகி, புதுத் திசுவுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதும் தாமதமாகும். மெல்ல முடியவில்லை என்று உணவைத் தவிர்த்துவிட்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும். மசித்த காய்கறி, மென்மையான முட்டை, பால் போன்றவற்றை ஆறவைத்து, வேளை தவறாமல் உண்ணுங்கள்.

கேள்வி: வலியெல்லாம் போய்விட்டது. ஆனால் குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது, பல்லிடுக்கும் பெரிதாகத் தெரிகிறது.

பதில்: வீங்கியிருந்த ஈறு சுருங்கி இறங்கும்போது வேர்ப்பரப்பு வெளியே தெரியும், கூச்சத்துக்கும் இடுக்குக்கும் காரணம் அதுவே. பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டேனஸ் ஃப்ளோரைடு உள்ள பற்பசையைத் தினமும் பயன்படுத்தினால், சில வாரங்களில் கூச்சம் கணிசமாகக் குறையும். குறையாவிட்டால் மருத்துவர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார். காயம் ஆறிவிட்டது என்று அவர் சொன்னபின், இடுக்கின் அளவுக்கேற்ற இடைப்பல் பிரஷ்ஷை அவரிடமே கேட்டுப் பெற்று, அதை நுழைக்கும் விதத்தை அவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.