வெந்த இறைச்சியை மறுபடி வேகவைக்க வேண்டாம்

கேள்வி: விருந்தினர் வந்துபோன மறுநாள் எங்கள் வீட்டில் சமைத்த கோழியோ ஆட்டிறைச்சியோ எப்படியும் மீந்துவிடுகிறது. அதைச் சூடாக்கிப் பரிமாறினால் நார் நாராக இருக்கிறது, பழைய வாடை வீசுகிறது என்று பிள்ளைகள் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். ஓவன் வாங்கிய பிறகு, மீந்த கோழியை மக்ரோனியுடனும் காய்கறிகளுடனும் கலந்து, சீஸ் தூவி, ஒரு மணி நேரம் பேக் செய்து பார்த்தேன். மேல்பகுதி கருகிவிட்டது, அடியில் தண்ணீர் தேங்கி நின்றது, இறைச்சி முன்னைவிட வறண்டுபோயிற்று. வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் நான், அடுப்படியில் நெடுநேரம் நிற்காமல் இதை ஓர் இரவு உணவாகச் செய்ய முடியுமா? முந்தின நாளே தயாரித்து வைக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்ய முயன்றது கேசரோல் என்று சொல்லப்படும் உணவு. அந்தப் பெயரைக் கேட்டதும் சூடு ஆறாமல் காக்கும் மூடிப் பாத்திரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஆழமான ஒரே பாத்திரத்தில் இறைச்சி, காய்கறி, மாவுப்பொருள், சாஸ் ஆகியவற்றைச் சேர்த்து ஓவனில் வைத்து எடுத்து, அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவரும் உணவுக்கும் அதுவே பெயர். மீந்த இறைச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அது பொய்த்துப்போனதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. ஏற்கெனவே வெந்து முடிந்த இறைச்சியைப் பச்சை இறைச்சியாக எண்ணி ஒரு மணி நேரம் ஓவனில் விட்டதுதான் காரணம். இந்த உணவில் ஓவன் எதையும் வேகவைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சூடேற்றி, மேற்பரப்பைப் பொன்னிறமாக்கினால் போதும்.

இறைச்சி ஏன் வறள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே தசையின் புரதங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. 65 டிகிரியைத் தாண்டியதும் தசைநார்கள் நன்றாக இறுகி, தமக்குள் வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. முதல் முறை சமைத்தபோதே இது நடந்துவிட்டது. வெளியேறிய நீர் மறுபடி உள்ளே போவதில்லை; இரண்டாம் முறை நீண்ட நேரம் சூடுபடுத்தினால், எஞ்சியிருந்ததும் போய்விடும். கோழியின் நெஞ்சுப்பகுதிக்கு இது முழுக்கப் பொருந்தும். தொடை, கால் போன்ற, நாள் முழுதும் உழைக்கும் தசைகளின் கதை சற்று வேறு. அவற்றில் இணைப்புத்திசு மிகுதி. நெடுநேரம் மெதுவாக வேகும்போது அது கரைந்து வழுவழுப்பான ஜெலட்டினாக மாறி, நார்களுக்கிடையே நின்று ஈரப்பதத்தைத் தாங்குகிறது. ஆகவே மெதுவாக வெந்த கால்பகுதி இறைச்சியை விரல்களால் பிய்த்துப்போட்டாலும் சுவை குறையாது. நெஞ்சுப்பகுதியையோ, ஆறியதும் குளிர்ச்சியாக இருக்கும்போதே, நார்களுக்குக் குறுக்காக, இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்குங்கள். மெல்லிசாகக் கிழித்தால் அது நூலாகிவிடும். எலும்பு, தோல், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இப்போதே நீக்கிவிடுவது நல்லது. சாஸுக்குள் மறைந்திருக்கும் சிறு எலும்பு குழந்தைகளுக்கு ஆபத்தானது.

உங்கள் பிள்ளைகள் சொல்லும் பழைய வாடை அவர்களின் கற்பனையல்ல. சமைத்த இறைச்சியின் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் எழும் வாடை அது. சமைக்கும்போது இறைச்சியின் நிறமியிலிருந்து விடுபடும் இரும்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. 1958-ஆம் ஆண்டிலேயே உணவு ஆய்வாளர்கள் இதற்குத் தனிப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் நிறைவுறாக் கொழுப்பு அதிகமாக இருப்பதால், கோழியில் இது விரைவில் தெரியும். ஆடு, மாட்டு இறைச்சிகளில் சற்றுத் தாமதமாகத் தெரியும். இறைச்சியைத் திறந்த தட்டில் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் இதில் நாம் செய்யும் பெரிய தவறு. அதன் சொந்தக் கிரேவியிலேயே மூழ்கும்படி, காற்றுக்கு இடமில்லாத சிறிய டப்பாவில் அழுத்தி மூடிவைத்தால் வாடை வெகுவாகக் குறையும். பாத்திரத்தின் அடியில் குளிர்ந்து உறைந்து நிற்கும் கூழை யாரும் வழித்து எறிந்துவிடாதீர்கள். முன்சொன்ன ஜெலட்டின்தான் அது. சாஸில் கரைத்துவிட்டால் வேறு எதனாலும் தர முடியாத செறிவைத் தரும்.

வைத்திருக்கும் முறையைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். சமைத்த இறைச்சி அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரிக்குமேல் இருந்தால் ஒரு மணி நேரமே எல்லை. விருந்து முடிந்து, பேசி, வழியனுப்பிவிட்டு வருவதற்குள் இந்த நேரம் கடந்துவிடுகிறது என்பதால், பரிமாறத் தொடங்கும்போதே மீதி எனத் தெரிவதைத் தனியே எடுத்து, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவிடுங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் குறைவான குளிரில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் வைத்திருக்கலாம். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகளுள் பல எந்த வாடையையும் எழுப்புவதில்லை. நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. வெளியே கிடந்த உணவில் சில கிருமிகள் உண்டாக்கிய நச்சு கொதித்த பிறகும் அழிவதில்லை. சோற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

இனி உணவுக்கு வருவோம். நான்கு பேருக்கு நறுக்கிய இறைச்சி 300 கிராம், அதாவது இரண்டு கப் அளவு, போதும். அதனுடன் 150 கிராம் மக்ரோனி, ஒன்றரை கப் காய்கறி, 600 மில்லி சாஸ். இவையனைத்தும் இரண்டரை லிட்டர் கொள்ளும், ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தில் அடங்கும். இந்த அளவுகளில் சற்று முன்பின் ஆனால் பாதகமில்லை, சாஸைத் தவிர. சாஸ் குறைந்தால் இந்த உணவே இல்லை என்று சொல்வேன். ஓவனின் உலர்ந்த வெப்பத்துக்கும் ஏற்கெனவே நீரிழந்த இறைச்சிக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான். ஒவ்வொரு துண்டும் அதனுள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

40 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, 40 கிராம் மைதாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவின் வாடை நீங்கும் தருணம் மூக்குக்கே தெரியும். பிறகு 400 மில்லி பாலையும், இறைச்சியின் கிரேவி அல்லது எலும்பு வேகவைத்த சாறு 200 மில்லியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கட்டியில்லாமல் கலக்கியபின் அடுத்ததை ஊற்றுங்கள். முதல் இரண்டு முறை மாவு உருண்டையாகத் திரண்டுகொள்ளும். பயப்பட வேண்டாம், தொடர்ந்து கலக்கினால் இளகிவிடும். கொதி வந்தபின் மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும், ஏனெனில் அப்போதுதான் மாவின் ஸ்டார்ச் முழுமையாக உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும். கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால், கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும் பதம் சரியானது. இதெல்லாம் பத்து நிமிட வேலை. டின்னில் வரும் கெட்டி சூப்பைக் கொட்டிவிட்டால் இந்தப் பத்து நிமிடமும் மிச்சம் என்று பலர் சொல்வார்கள்; மீந்த இறைச்சியில் முன்பே உப்பு இருக்க, அந்தச் சூப்பின் உப்பும் சேர்வதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதே காரணத்தால் சாஸில் உப்பை முதலிலேயே போடாதீர்கள். கிரேவியும் சீஸும் கலந்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள். சாஸில் சீஸ் கலப்பதானால் தீயை அணைத்துவிட்டுக் கலக்குங்கள்; கொதிக்கும் சாஸில் அது எண்ணெயாகவும் நாராகவும் பிரிந்துவிடும்.

காரமும் மசாலாவும் தூக்கலாகச் சமைத்த ஆட்டிறைச்சிக்குப் பாலில் செய்த சாஸ் அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் அனுபவம். அதற்கு வெங்காயம், பூண்டு வதக்கி, 500 கிராம் தக்காளியைக் குழைய வேகவைத்துச் சுண்டச் செய்து, சிறிது கிரேவியால் தளர்த்திய சாஸ் மேலானது. அப்படிச் செய்யும்போது மக்ரோனிக்குப் பதில் உருளைக்கிழங்கைப் பயன்படுத்தினால் அழகாக இணையும்; ஆனால் வில்லைகளாக நறுக்கிய கிழங்கை முன்கூட்டியே தண்ணீரில் வேகவைத்துவிட வேண்டும். புளிப்பான சாஸில் பச்சைக் கிழங்கு எவ்வளவு நேரமானாலும் எளிதில் மசியாது.

உங்கள் பாத்திரத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் காய்கறியிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். கீரை, குடைமிளகாய், சுரைக்காய் இனங்களும் அப்படித்தான். அவற்றை அகலமான வாணலியில் நீர் சுண்டும்வரை வதக்கிய பிறகே சேர்க்க வேண்டும். கேரட்டும் பீன்ஸும் அரை வேக்காடு வெந்திருக்கட்டும். உறைந்த பட்டாணியை மட்டும் அப்படியே போடலாம். மக்ரோனியை, உறையில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பாகவே வடித்துவிடுங்கள். எஞ்சிய வேக்காட்டை அது சாஸை உறிஞ்சியபடி முடித்துக்கொள்ளும், சாஸும் அதனால் இறுகும்.

ஓவனை 180 டிகிரிக்கு முன்பே சூடாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவனானால் 160 போதும். சூடான சாஸில் மக்ரோனியையும் காய்கறியையும் கலந்து, கடைசியாக இறைச்சியைச் சேர்த்து, உடையாமல் இரண்டு புரட்டுப் புரட்டி, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் நிரப்புங்கள். அலுமினியத் தாளால் மூடி, நடுத்தட்டில் 20 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு, ஒரு கப் ரொட்டித்தூளை இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயில் பிசறி மேலே தூவி, விரும்பினால் துருவிய சீஸையும் சேர்த்து, மேலும் 10 முதல் 12 நிமிடம். நீங்கள் முதலிலேயே சீஸ் தூவியதால்தான் அது கருகியது. வெண்ணெயில் பிசறாத வெறும் ரொட்டித்தூள் திட்டுத்திட்டாகச் சிவக்கும். பிசறியது சீராக மொறுமொறுக்கும். வழவழப்பான இந்த உணவுக்கு அந்த மொறுமொறுப்பு கட்டாயம் வேண்டும் என்பேன்.

ஓரங்களில் குமிழி எழுவதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். கடைசியாகச் சூடேறுவது நடுப்பகுதிதான். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால், கத்தியை நடுவில் செருகிப் பத்து விநாடி கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கைபொறுக்காத சூடு இருக்க வேண்டும். எடுத்தவுடன் பரிமாறாமல் பத்து நிமிடம் அப்படியே விட்டால், தளர்ந்திருக்கும் சாஸ் இறுகி, வெட்டி எடுக்கும்போது வடிவம் குலையாது.

முந்தின நாளே தயாரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தயாரிக்கலாம், வேலைக்குச் செல்பவருக்கு அதுவே உகந்த வழி. ஆனால் சூடான சாஸில் குளிர்ந்த இறைச்சியைக் கலந்து வெதுவெதுப்பாக ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்; சாஸும் மக்ரோனியும் ஆறிய பிறகு கலந்து, மூடி, உடனே உள்ளே வையுங்கள். இரவு முழுதும் மக்ரோனி சாஸை உறிஞ்சும் என்பதால் 100 மில்லி பாலைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ரொட்டித்தூள் தனி டப்பாவில் காத்திருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போவதால் மூடிய நிலையில் 35 முதல் 40 நிமிடம் தேவைப்படும். அதற்கு உலோகப் பாத்திரமே நல்லது, ஏனெனில் குளிர்ந்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடக்கூடும். நாள் கணக்கையும் மறந்துவிடாதீர்கள்: இறைச்சி முதலில் சமைக்கப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், புதிய சாஸில் கலந்ததால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. மூன்றாம் நாளுக்குள் செய்ய முடியாது என்று தெரிந்தால், இறைச்சியை மட்டும் கிரேவியோடு 300 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் வரை சுவை கெடாது. சமைப்பதற்கு முந்தின இரவு அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், மறுநாள் மாலை நீங்கள் வீடு திரும்பும்போது நறுக்குவதற்கு ஏற்றபடி இளகியிருக்கும்.