ஏசி குளிருக்கு ஒரு பருத்திச் சால்வை: நிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டு மக்சிக்தான் (மலாய்க்கார அத்தை) பள்ளி விட்டு வரும் என் மகனைப் பார்த்துக்கொள்கிறார். நன்றியாக அவருக்கு என் கையால் ஏதாவது பின்னிக் கொடுக்க ஆசை. இந்த வெயிலில் யார் கம்பளி போடுவார்கள் என்கிறார் கணவர். எனக்கு நிட் கண்ணி என்ற அடிப்படைப் பின்னல் மட்டும்தான் தெரியும். என்ன பின்னலாம்?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கம்பளி வேண்டாம், பருத்தியில் சால்வை பின்னுங்கள். பலதுறை மருந்தகத்தில் எண் வரும்வரை ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அது அன்றாடம் பயன்படும். கைப்பையில் மடித்து வைக்க 25 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் சரியான அளவு. அக்ரிலிக் நூல் மலிவு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. வெளியே வந்ததும் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டிகே (DK) கனமுள்ள, அதாவது நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூலைக் கேட்டு வாங்குங்கள். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் நூல் கடைகள் உண்டு. 50 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 105 மீட்டர் இருக்கும். இந்தச் சால்வைக்கு 360 மீட்டர் போகும். நான்கு உருண்டையில் முடிந்துவிடும், ஆனாலும் ஐந்தாக வாங்குங்கள். காகிதப் பட்டையில் உள்ள சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்குத் தரும் எண்) ஐந்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிவது, பின்னி முடித்த பிறகு சால்வையின் குறுக்கே கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசி 4 மி.மீ., மூங்கிலில். உலோக ஊசியில் பருத்தி வழுக்கும், கண்ணி நழுவும்.

முதலில் ஊசியில் 30 கண்ணி ஏற்றி 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு மாதிரி பின்னுங்கள். அதைத் துவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். துவைக்காமல் அளந்தால் கணக்கு பொய்யாகும், ஏனென்றால் பருத்தி முதல் துவைப்பில்தான் தன் உண்மையான அளவுக்கு வருகிறது. 10 செ.மீட்டரில் 21 கண்ணி இருந்தால் 52 ஏற்றுங்கள். 18தான் வந்தால் 45 போதும். பிறகு எல்லா வரியும் நிட் கண்ணியே. இந்தப் பின்னலில் ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மொத்தம் சுமார் 600 வரி. வரிக்கு மூன்று நிமிடம் என்றால் 30 மணி நேரம் ஆகும். கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

புது உருண்டையை வரியின் நடுவில் சேர்க்காதீர்கள், ஓரத்தில் சேருங்கள். முடிச்சு வேண்டாம். 15 செ.மீ. நூல் வால் விட்டு, மொட்டை ஊசியால் மூன்று திசையில் மாற்றி மாற்றிச் செருகுங்கள். பருத்திக்குக் கம்பளிபோல் பிடிப்பு கிடையாது, ஒரே திசையில் செருகிய வால் சில துவைப்பில் வெளியே எட்டிப் பார்க்கும். கடைசி வரியை மூட 4.5 மி.மீ. ஊசி எடுங்கள், இல்லாவிட்டால் அந்த முனை மட்டும் இறுகிச் சுருங்கும்.

பரிசோடு ஒரு சிறு அட்டையும் வையுங்கள்: வலைப்பையில் போட்டு 30 டிகிரியில் துவைக்கவும், தட்டையாக விரித்து உலர்த்தவும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் ஈரத்தோடு தொங்கவிட்டால், தண்ணீரின் கனமே சால்வையை நீளமாக இழுத்துவிடும். மக்சிக்குக்கு இதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சால்வையை 52 கண்ணியில் தொடங்கினேன். இப்போது 57 இருக்கிறது, துண்டு விரிந்துகொண்டே போகிறது. எங்கே தவறு?
- ஒரு வாசகர், ஜூரோங்

பதில்: பெரும்பாலும் வரியின் முதல் கண்ணியில். துண்டைத் திருப்பியதும் நூலை ஊசியின் மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணியும் கூடவே மேலே தூக்கிக்கொள்ளும். அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் இரண்டு கண்ணிகளாகத் தெரியும். இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிடும். நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டுபோங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கண்ணி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னத் தொடங்குங்கள்.

நடுவில் ஓட்டையோடு ஒரு கண்ணி கூடியிருந்தால் காரணம் வேறு. நூல் தவறுதலாக ஊசியைச் சுற்றியிருக்கிறது. அந்த இடம் வரை பிரிப்பதுதான் நல்லது. பரிசாகப் போகும் துண்டில் ஓட்டையை மறைக்க முயல வேண்டாம். பத்து வரிக்கு ஒருமுறை எண்ணினால் பிரிக்க வேண்டியது பத்து வரியோடு நிற்கும்.

கேள்வி: ஆசிரியர் தினத்துக்கு இரண்டு வாரமே இருக்கிறது. மகளின் தமிழாசிரியைக்கு ஏதாவது பின்ன முடியுமா?
- ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: சிங்கப்பூரில் ஆசிரியர் தினம் வரும் செப்டம்பர் முதல் வெள்ளிக்குள் தாராளமாக நான்கு கோப்பை விரிப்புகள் முடியும். அதே நூல், அதே ஊசி. 21 கண்ணி, 40 வரி, எல்லாம் நிட் கண்ணி. ஒன்று ஏறக்குறைய 10 செ.மீ. சதுரமாக வரும், ஒரு மணி நேர வேலை. நான்குக்கும் ஒரே உருண்டை போதும். அடர்ந்த நிறம் என்றால், நூலில் ஒரு துண்டை வெட்டி வெள்ளைத் துணியில் சுற்றி வெந்நீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். இங்கேயும் பருத்திதான் வேண்டும்: சில்லென்ற மைலோ குவளையில் வழியும் நீரை உறிஞ்சும். அக்ரிலிக் உறிஞ்சாது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் உருகியும் போகும்.