இரண்டு சர்வர் வாங்கியாச்சு. ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ள அப்பாச்சியை எப்படி அமைப்பது?

திருப்பூரில் பனியன் கம்பெனி, அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடும் ஆர்டர் தளம், ஒரே அறையில் இரண்டு சர்வர் என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் இதே வேலையைப் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: சர்வர் விழுவதைச் சமாளிப்பது எளிது. இரண்டும் உயிரோடு இருந்து, ஒன்றை ஒன்று பார்க்க முடியாமல் போவதுதான் ஆபத்து.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடலாம். தளத்தின் ஃபைல்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? லாகின் செஷன் சர்வரிலேயே தங்காமல் டேட்டாபேஸிலோ ரெடிஸ் போன்ற பொதுவான நினைவகச் சேமிப்பிலோ இருக்கிறதா? அப்படியென்றால் கீப்அலைவ்டு என்ற சிறிய மென்பொருள் போதும். டொமைனை ஒரு விர்ச்சுவல் ஐபிக்கு, அதாவது இரண்டு சர்வருக்கும் மாறி மாறிப் போகக்கூடிய முகவரிக்குக் காட்டுங்கள். அதை வைத்திருக்கும் சர்வர் விநாடிக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று விஆர்ஆர்பி அறிவிப்பு அனுப்பும். அறிவிப்பு நின்றால், நான்கு விநாடிக்குள் மற்றது ஐபியை எடுத்துக்கொள்ளும். அப்பாச்சி ப்ராசஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். ஒரு நிஜப் பக்கத்தைக் கேட்டு, பதில் வருகிறதா என்று பாருங்கள். ப்ராசஸ் ஓடும், பக்கம் வராது. அது அடிக்கடி நடப்பதுதான். ஃபயர்வாலில் விஆர்ஆர்பியைத் திறந்துவிடுவதும் முக்கியம். அது டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. 112 என்ற தனி புரோட்டோகால். அடைத்து வைத்தால் இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் மாஸ்டர் ஆகி, அதே ஐபியைப் பிடித்துக்கொள்ளும்.

ஐபி மட்டும் இரண்டு பக்கம் இருந்தால் தளம் தடுமாறும், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஸ்டோரேஜை இரண்டு சர்வரும் பகிர்ந்தால் கதை வேறு. நடுவே கேபிள் போனதும், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும். இரண்டும் அதே டிஸ்க்கை மவுண்ட் செய்து எழுதத் தொடங்கும். சாதாரண ஃபைல் சிஸ்டம் அதைத் தாங்காது, ஆர்டர் டேட்டா சிதைந்துவிடும். இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறார்கள்.

அதனால் பகிர்ந்த டிஸ்க் இருந்தால், எந்தச் சர்வரில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பேஸ்மேக்கர், சர்வர்களைப் பேச வைக்கும் கோரோசிங்க் இரண்டும் வேண்டும். கூடவே ஃபென்ஸிங் கட்டாயம். அது இல்லாமல் ஓட விடவே கூடாது. பொறுப்பை எடுத்துக்கொள்ளும் முன், பதில் தராத சர்வரின் மின்சாரத்தையே வெட்டிவிடும் ஏற்பாடு அது. சந்தேகத்தோடு டிஸ்க்கைத் தொடுவதற்குப் பதில், எதிராளி எழுத முடியாது என்று உறுதி செய்துகொள்கிறது. பல நிறுவல்களில் தொந்தரவு தருகிறது என்று இதை ஆஃப் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சர்வருக்குள்ளேயே இருக்கும், தொலைவிலிருந்து அதை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ கார்டு வழியாக மட்டும் ஃபென்ஸிங் வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். அந்தச் சர்வருக்குக் கரண்ட் முழுதாகப் போனால் கார்டும் பதில் சொல்லாது. வெட்டியாச்சா என்று உறுதி கிடைக்காமல் மற்றது காத்துக்கொண்டே நிற்கும். இரண்டாவது வழியாக, ரிமோட்டில் அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப் ஒன்றையும் சேருங்கள். அதை வேறு யுபிஎஸ்ஸில் போடுங்கள். தொடர்பு அறுந்தால் யார் பொறுப்பேற்பது என்பதை ஓட்டுப் பெரும்பான்மைதான் முடிவு செய்யும்; இரண்டு சர்வருக்கு இரண்டு ஓட்டுதான் என்பதால் அந்தப் பெரும்பான்மையும் கிடையாது. மூன்றாவது ஓட்டுக்காக ஒரு சின்ன மெஷினில் கோரோசிங்கின் கியூடிவைஸ் என்ற ஓட்டுப் போடும் சேவையை ஓட விடலாம். உங்களுக்கு வேறு ஊரில் கிளை இருந்தால் அங்கே வையுங்கள். அதே அறையில் வைத்தால் பாதிப் பயன்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை முதல் மாலை வரை மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாளை மனதில் வைத்துத்தான் அறையைப் பார்க்க வேண்டும். சர்வர்கள் யுபிஎஸ்ஸில் இருக்கும், அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். இதை முதலில் போய்ப் பாருங்கள். ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்கிறதா என்ற சோதனையை காலையிலேயே வையுங்கள், ஐரோப்பிய பையர்கள் நம் மதியத்துக்கு மேல்தான் தளத்துக்குள் வருவார்கள். சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், இன்னொரு நாள் பவர் கார்டைப் பிடுங்குங்கள்.

அப்புறம், பேஸ்மேக்கர் போட்டால், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் அப்பாச்சி தானாகத் தொடங்குவதை டிஸேபிள் செய்துவிடுங்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் பேஸ்மேக்கர் கையில் மட்டும் இருக்கட்டும். பழைய லாக்குகளை ஒதுக்கும் லாக்ரொட்டேட்டின் ஃபைலிலும் சிஸ்டம்டி வழியாக அப்பாச்சியை ரீலோட் செய்யும் வரி இருக்கும்; அதையும் மாற்றி, அப்பாச்சிக்கே நேரடியாக கிரேஸ்ஃபுல் கட்டளை (நடக்கும் வேலையை அறுக்காமல் மறுதொடக்கம் செய்வது) போகும்படி எழுதுங்கள்.