லைன் லீடர் அக்காவிடம் கேளுங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில 26 வருஷம், கடைசி 15 வருஷம் லைன் லீடர், அதாவது ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பு. குறை சொல்றது, குறை கேக்குறது ரெண்டுமே என் பிழைப்பா இருந்துச்சு. வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

பட்டர்வொர்த் தம்பி: புதுசா சூப்பர்வைசர் ஆயிருக்கேன். என்னைவிட வயசுல மூத்த அக்கா ஒருத்தங்க வேலையில தப்பு வருது. எப்படிச் சொல்றது?

"நீங்க கவனமா செய்யறதில்ல"ன்னு ஆரம்பிச்சா அங்கேயே கதை முடிஞ்சது. தப்பு வந்த சர்க்யூட் போர்டைக் கையில எடுங்க. "அக்கா, காலையிலேருந்து மூணு போர்டு, இதே இடத்துல சால்டர் ஒட்டல, டெஸ்டிங்ல திரும்பி வருது. என்னவா இருக்கும்?" கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அதுதான் கஷ்டம். நான் ஒருமுறை இப்படிக் கேட்டப்ப, அவங்க பேசாம சால்டரிங் அயர்னை என்கிட்ட நீட்டினாங்க. முனை கறுத்துத் தேஞ்சு கிடக்கு. ரெண்டு நாளா மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க, நான்தான் காதுல வாங்கல.

ஜெலுத்தோங் தங்கச்சி: பாராட்டு, நடுவுல குறை, மறுபடி பாராட்டுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே?

ரெண்டு தடவை செஞ்சு பாருங்க. மூணாவது தடவை "நல்லா செய்யறீங்க"ன்னதுமே அடுத்து என்ன வருதோன்னு முகம் சுருங்கிடும். பாராட்டைத் தனியா இன்னொரு நாள் சொல்லுங்க. க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், வேலையைப் பத்திக் கருத்துச் சொன்னா என்ன ஆகுதுன்னு பார்த்த பழைய ஆய்வுகளை 1996ல தொகுத்துப் பார்த்தாங்க. கருத்துச் சொன்னதுல மூணுல ஒரு பங்குக்கு மேல, வேலை முன்னைவிட மோசமாத்தான் ஆயிருக்கு. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்ட ஆளு"ங்கிற பக்கம் போனா பலன் குறையுதாம். ஆளைப் பாராட்டினாலும் அதே கதைதான்.

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன்: ஆலோசனைப் பெட்டியில மூணு தடவை எழுதிப் போட்டேன். பதிலே இல்ல.

டொயோட்டாவுல 1951ல ஆரம்பிச்ச ஆலோசனைத் திட்டம் இன்னும் ஓடுது. உங்க பெட்டியை யாராவது திறக்கிறாங்களான்னு முதல்ல பாருங்கண்ணே! "காத்தோட்டம் சரியில்ல"ன்னு எழுதினா அது யார் வேலையும் இல்ல. "நாலாவது லைன் பின்பக்க விசிறி ஓடல"ன்னு எழுதி, பேர் போட்டு, மெயின்டெனன்ஸ் ஆள் கையிலயே குடுங்க.

நிபோங் திபால் தங்கச்சி: பாஸ் எல்லார் முன்னாடியும் என் ரிப்போர்ட்டைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். அழுகை வந்துடுச்சு.

அந்த இடத்துல "குறிச்சுக்கிட்டேன் பாஸ், நாளைக்கு வந்து பேசறேன்" போதும். வீட்டுக்குப் போய் அவர் போட்ட சத்தத்தை விட்டுட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் எழுதுங்க. ஒண்ணு ரெண்டு தேறும். அதைத் திருத்திக் காட்டின கையோட, "அடுத்த தடவை ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க"ன்னும் கேட்டுடுங்க.

பேர் போடாத ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் செய்யற மீ கோரெங்ல உப்பு ஜாஸ்தி. எப்படிச் சொல்றது?

சமைக்கிறார்ல? பேசாம சாப்பிடுங்க.