தோட்டா தீராத ஊரில் என்ன பயம்?

கேள்வி: ‘ரெசிடென்ட் ஈவில்’ இரண்டாம் பாகத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து தமிழ் டப்பிங்கில் பார்த்தோம். அந்த வீடியோ கேமை விளையாடி வளர்ந்தவன் நான். ‘கேமைக் கெடுத்துட்டானுவ’ என்றேன். கேம் பக்கமே போகாத என் அண்ணன் ‘ஃபைட்டு எல்லாம் அட்டகாசம்’ என்கிறார். ‘முதல் பாகத்தைவிட இதுதான் கேம் மாதிரி இருக்கு’ என்பது மச்சானின் கட்சி. விமர்சகர்கள் திட்டித் தீர்த்த படம், ஆனால் வசூல் நன்றாகவே வந்திருக்கிறது. யார் சொல்வது சரி? ரசிகர் கருத்துக்கு மதிப்பு உண்டா, இல்லையா? பிறகு வந்த பாகங்களைப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், பேட்டை, திருநெல்வேலி.

பதில்: மூன்று பேரில் உங்கள் அண்ணன் ஒருவர்தான் படம் பார்த்திருக்கிறார். நீங்கள் கேமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் அடித்திருக்கிறீர்கள். மச்சானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார். அவருக்கு டிக் கொஞ்சம் அதிகமாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், கேட்டது நீங்கள்தானே.

படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996-ல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட விளையாட்டு இது. அங்கே அதன் பெயர் ‘பயோஹசார்ட்’. அம்ப்ரெல்லா என்ற கம்பெனி ரகசியமாக உருவாக்கிய வைரஸ் வெளியே கசிந்து, செத்தவர்கள் எழுந்து கடிக்க வருவார்கள். 2002-ல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இதைப் படமாக்கினார். 2004-ல் வந்த இரண்டாம் பாகம்தான் ‘அபோகலிப்ஸ்’. எழுதியவர் ஆண்டர்சன், அவர் வேறொரு படத்தை இயக்கப் போய்விட்டதால் இதை இயக்கியவர் அலெக்சாண்டர் விட். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம். சுமார் 4.5 கோடி டாலர் போட்டு, உலகம் முழுக்க 12 கோடி டாலருக்கு மேல் எடுத்தார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கொடுத்தது அரை நட்சத்திரம்.

சரி, உங்கள் புகாருக்கு வருவோம். கேமைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். கேமில் எது இருந்தது, எது போனது என்று சொல்லியிருந்தால் கட்சி வலுத்திருக்கும். நீங்கள் சொல்லாததை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் முன்பு இருந்த கேம் சென்டர்களில் நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். மணிக்கு இவ்வளவு என்று காசு. மெமரி கார்டு கிடையாது. இருந்தாலும் கடைக்காரர் கண்ணில் காட்ட மாட்டார். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர முடியாது, மறுபடியும் அந்தப் பங்களா வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருத்தன் கையில் கன்ட்ரோலர் இருக்கும். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு, ‘ஏல, கதவ தொறக்காதல’, ‘சுடாதல, குண்டு தீந்துரும்’ என்று கத்துவார்கள். திரையில் வரும் ஆங்கிலக் குறிப்புகளை ஒருத்தனும் படித்ததில்லை. அம்ப்ரெல்லா கம்பெனிக்காரன் நல்லவனா கெட்டவனா என்பதுகூட அங்கே பலருக்குக் கடைசிவரை தெரியாது. கதை தெரியாமலேயே பயந்தார்கள்.

‘குண்டு தீந்துரும்’ என்ற அந்தக் கத்தலில்தான் மொத்த விளையாட்டும் இருக்கிறது. கிறிஸாக ஆடினால் ஆறு பொருளுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள முடியாது, ஜில் வாலன்டைனாக ஆடினால் எட்டு. சாவியை வைத்துக்கொள்வதா, தோட்டாவையா, காயத்துக்கான பச்சிலையையா என்று ஒவ்வொரு அறையிலும் கணக்குப் போட வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்க டைப்ரைட்டர் வேண்டும், அதற்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எது நிற்கிறது என்று தெரியாது, முனகல் மட்டும் கேட்கும். ஜோம்பி மெதுவாகத்தான் வரும். ஆனால் நீங்களும் திரும்புவதற்குள் விடிந்துவிடும்.

1999-ல் வந்த மூன்றாவது விளையாட்டில் நெமசிஸ் என்று ஒரு ராட்சசன் வருவான். அதுவரை ஆடியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: துரத்துகிறானா, ஓடிப்போய்க் கதவைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம். நெமசிஸ் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தான். அந்த ஒரு மாற்றத்திலேயே எத்தனையோ பேர் கன்ட்ரோலரைக் கீழே போட்டிருப்பார்கள்.

இப்போது படத்தைப் பாருங்கள். ஜில் வாலன்டைன் வருகிறாள். நீல மேல்சட்டை, குட்டைப் பாவாடை, மூன்றாவது கேமில் போட்டிருந்த அதே வேடம். நெமசிஸ் வருகிறான், மூஞ்சியும் மேல்கோட்டும் அச்சு அசல். கார்லோஸ் வருகிறார். நகரமும் ரக்கூன் சிட்டிதான், கடைசியில் கேமில் அழிகிற மாதிரியே அழிகிறது. மச்சானுக்கு விழுந்த டிக்கெல்லாம் இவைதான், அதில் அவர் சொல்வது உண்மை. சர்ச்சுக்குள் ஜில்லையும் அவளோடு வந்த இருவரையும் நாக்கு நீண்ட மிருகங்கள் சூழ்ந்து நிற்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? இருட்டு, உத்தரத்தில் நகம் கீறும் சத்தம், பதுங்க இடமில்லை. ஒரு நிமிஷம் பயம் வரப் பார்க்கிறது. அதற்குள் வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு படத்தின் நாயகி ஆலிஸ் மோட்டார் சைக்கிளில் குதிக்கிறாள். வண்டியையே மிருகத்தின் மேல் ஏவிவிட்டுச் சுட்டு வெடிக்க வைக்கிறாள். குண்டு தீர்ந்துவிடுமோ என்று உங்களுக்கு அந்த இடத்தில் தோன்றியதா? எனக்குப் படம் முடிகிற வரை தோன்றவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்து பயமுறுத்திய நெமசிஸை என்ன செய்தார்கள்? கடைசியில் ஒரு திறந்த வெளியில், சுற்றிலும் ஆயுதக்காரர்கள் நிற்க, ஆலிஸோடு குஸ்தி போட வைத்தார்கள். போதாக்குறைக்கு அவன் முதல் பாகத்தில் வந்த நல்லவன்தான் என்று தெரிந்து, நமக்கு இரக்கம் வேறு வர வேண்டுமாம். அவனும் திருந்திவிடுகிறான்!

ஆக, நீங்கள் சொல்வதும் மச்சான் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரில்லை. வேடம் முழுக்க வந்துவிட்டது, பயம் வரவில்லை. இதைத்தான் கேமைக் கெடுத்தார்கள் என்று நீங்கள் சொல்ல வந்திருந்தால், அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ‘கேமில் ஆலிஸே கிடையாதே’ என்பதுதான் புகார் என்றால் இல்லை.

நம் பக்கத்து சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து கேட்கிற கூட்டத்தைப் பாருங்கள். கதை அத்தனை பேருக்கும் மனப்பாடம். பாடிக் கதை சொல்லும் அண்ணாவி ஓர் இடத்தை விட்டுவிட்டால் முன்வரிசை ஆச்சிகள் கேட்டுவிடுவார்கள், அது வேறு. ஆனால் நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது, பல ஊர்களில் பின்னால் யாரும் போகக் கூடாது. கூட்டம் கோயிலிலேயே நிற்கும். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘அபோகலிப்ஸ்’ படத்திலும் ஒரு கல்லறைக் காட்சி உண்டு. மண்ணைப் பிளந்துகொண்டு பிணங்கள் எழுந்து வரும், நம் ஆட்கள் வரிசையாகக் கழுத்தைத் திருகிப் போடுவார்கள். எல்லாம் தெரிகிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. கடிபட்டால் பரவுகிற நோய், புதைத்துக் கிடந்தவனை எப்படிப் பிடித்தது என்றும் யாரும் நின்று யோசிப்பதில்லை. யோசிக்க விட்டால்தானே.

முதல் பாகத்தை உங்கள் வீட்டில் யாரும் சரியாக மதிக்கவில்லை போலிருக்கிறது. விளையாட்டின் நாயகர் ஒருவரையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. பூமிக்கடியில் ஒரு பரிசோதனைக்கூடம், பூட்டிய கதவுகள், குறைந்துகொண்டே வரும் ஆட்கள், அவ்வளவுதான். அதில் ஒரு லேசர் நடைபாதை வருமே, வலைபோல் நெருங்கி வந்து ஆளைத் துண்டாக்குவது? அது படத்தின் சொந்தச் சரக்கு. 2005-ல் வந்த நான்காவது விளையாட்டில் அதேபோல் ஒரு லேசர் நடைபாதை இருக்கிறது. கேமைப் பார்த்துக் காப்பி அடிக்காத இடத்தைத்தான் கேம் திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. இதை மச்சானிடம் சொல்லிப் பாருங்கள்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவர் திரையில் கண்டதை வைத்துச் சொன்னார், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மாநகராட்சிக் கட்டடத்தின் மேலிருந்து ஆலிஸ் சுவரோடு கீழ்நோக்கி ஓடி வருவாளே, அது நன்றாகவே இருக்கிறது. ஆலிஸாக வரும் மிலா யோவோவிச் உடம்பை வருத்தித்தான் நடித்திருக்கிறார். ஆனால் மற்ற சண்டைகளில் யார் யாரை அடித்தார்கள் என்று அண்ணனால் சொல்ல முடியுமா? கை ஓங்குவதற்குள் ஷாட்டுக்கு வெட்டு, விழுவதற்குள் இன்னொரு வெட்டு, கேமராவுக்குக் குளிர்ஜுரம் வேறு. ‘அட்டகாசம்’ என்று அவர் சொன்னது சத்தத்தைத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

ரசிகர் கருத்துக்கு மதிப்பு உண்டா என்கிறீர்கள். காரணம் சொன்னால் உண்டு. வசூலைக் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. டிக்கெட் வாங்கும்போது எவனும் படம் பார்த்திருப்பதில்லை. கேம் ரசிகர்களின் கூச்சலையும் நான் முழுசாக நம்புவதில்லை. ‘கேம் மாதிரியே எடுங்கள்’ என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். 2021-ல் ஆலிஸைத் தூக்கிவிட்டு, முதல் இரண்டு விளையாட்டுகளின் கதையை வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 4 கோடி டாலரோடு அது அடங்கிவிட்டது. கொரோனா காலம் என்பது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்டவர்களே ‘நடிகர்கள் கேம் ஆட்கள் மாதிரி இல்லை’ என்று அப்போதும் டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பழைய கதையும் உண்டு. செத்தவர்கள் எழுந்து நடக்கும் படங்களுக்குத் தகப்பன் என்று சொல்லத்தக்க ஜார்ஜ் ரொமேரோ, இரண்டாவது விளையாட்டுக்கு ஜப்பானில் விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தவர். முதல் பாகத்துக்குத் திரைக்கதை எழுத ஆண்டர்சனுக்கு முன்பே அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எழுதியதை வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். உங்களுக்கு ஆத்திரம் வர வேண்டுமானால் இதற்கு வரட்டும்.

நம் ஊரிலும் 2016-ல் ‘மிருதன்’ வந்ததே, அதைப் பற்றி வீட்டில் என்ன தீர்ப்பு? கேம் இல்லாததால் அதில் ஒப்பிட எதுவும் கிடையாது. மூன்று பேரும் ஒரே படத்தைப் பார்த்திருப்பீர்கள். எழுதி அனுப்புங்கள்.

பிந்தைய பாகங்கள்: நான்காவது 2010-ல் 3டியில் வந்து 30 கோடி டாலர் அளவுக்கு எடுத்தது, வீட்டு டிவியில் கோடாரி ஏன் சும்மா சும்மா மூஞ்சிக்கு நேரே வருகிறது என்று குழம்புவீர்கள். ஐந்தாவதை விட்டுவிடலாம். கடைசிப் பாகத்துக்குக் கிடைத்த வசூலில் பாதி சீனாவிலிருந்து வந்தது, நாம் அதற்குமேல் உதவ வேண்டியதில்லை. 2007-ல் வந்த மூன்றாவதைப் பாருங்கள், இயக்கியவர் ரஸ்ஸல் மல்காஹி. உலகமே மணல் மூடிக் கிடக்கிறது. நம் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் எடுத்திருந்தால் மெக்சிகோ போன செலவு மிச்சம். பெட்ரோலையும் சாப்பாட்டையும் எண்ணிக்கொண்டு ஒரு வண்டிக் கூட்டம் போகிறது, கொஞ்ச நேரமாவது இவர்களுக்கு என்ன ஆகுமோ என்று இருக்கிறது. பிணம் தின்று நோய் பிடித்த காக்கைகள் வந்து கம்பியில் வரிசையாக உட்காரும் இடம் வரை எழுந்திருக்காதீர்கள். அதற்கப்புறம் ஆலிஸ் மனசாலேயே தீயைத் திருப்புவாள். அண்ணனைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் டீ போடப் போகலாம்.