வந்துகொண்டே இருக்கிறது!

கேள்வி: கிறிஸ்து பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் டிசம்பர்தோறும் 'திருவருகைக் காலம்' என்று யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

பதில்: 'காத்திருப்பது' பற்றி ஒரு பத்திரிகை ஆசிரியனிடமா கேட்கிறீர்கள்? நம் தொடர்கதை ஆசிரியர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) மூன்று வாரமாக "அத்தியாயம் வந்துகொண்டே இருக்கிறது சார்" என்கிறார். இலக்கணப்படி நிகழ்காலம். அவர் அகராதியில் அது எதிர்காலம்கூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில், டிசம்பர் என்பது பாதிதான் சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இந்தக் காலம் நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறில் தொடங்குவதால், சில ஆண்டுகளில் நவம்பர் 27-லேயே பிறந்துவிடும். அடுத்து, இது பிறந்தநாள் விழாவுக்கான ஒத்திகை அல்ல. முதல் ஞாயிறு வாசகத்தில் தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லை. "விழிப்பாயிருங்கள், நாள் உங்களுக்குத் தெரியாது" என்ற எச்சரிக்கைதான். கத்தோலிக்க வழிபாட்டில் டிசம்பர் 16 வரை கண் இரண்டாம் வருகையின் மீது, அதாவது கிறிஸ்து மீண்டும் வரப்போகும் நாளின் மீது. 17-ஆம் தேதிதான் பெத்லகேம் பக்கம் திரும்புகிறார்கள். ஆக, வந்தவரை நினைத்துக்கொண்டே வரப்போகிறவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

'திருவருகை'க்கு லத்தீன் மூலச்சொல் 'அட்வெந்துஸ்', அதாவது வருகை. ரோமப் பேரரசர் ஒரு நகருக்குள் பவனியாக நுழைவதற்கும் அதுதான் பெயர், நாணயத்திலேயே பொறித்தார்கள். அந்த ராஜ தோரணைச் சொல்லைத் தூக்கி, சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குழந்தைக்குச் சூட்டியவர்களின் துணிச்சலைப் பாருங்கள்! தமிழில் 'திருவருகை' என்று எழுதியவர் அந்தத் தோரணையைக் கைவிடவில்லை. இவ்வளவு நல்ல சொல் இருக்க, 'அட்வென்ட் சீசன்' என்று கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு என் சிவப்பு மைதான் பதில். இதை நூறாவது முறையாகச் சொல்கிறேன்.

காத்திருப்பதற்குக் கைவைத்தியமும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய போதகர் விஹெர்ன், "கிறிஸ்துமஸ் எப்போ?" என்ற பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார் என்பார்கள். வாரநாள்களுக்குச் சின்னதாக 20 சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிதாக 4 வெள்ளை. தினம் ஒன்று ஏற்றினால் மிச்சத்தைப் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். இன்றைய திருவருகை வளையத்தில் அந்த நான்கு மட்டும் தங்கிவிட்டன.

நம் அலுவலகத்திலும் ஒரு சக்கரம் மாட்டலாமா என்று உதவி ஆசிரியரிடம் கேட்டேன். "தொடர்கதைக்கா? 24 போதாது சார்" என்கிறார்.