சுபாங்கில் ஆகாயப்படைக்கும் பயணிகளுக்கும் ஒரே ஓடுபாதை, ஆபத்தில்லையா?

கோலாலம்பூருக்குப் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். யாருடைய விமானமானாலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியில்லாமல் ஓடுபாதையில் நுழைய முடியாது. அங்கே ஆகாயப்படை வைத்திருப்பது முக்கியமாக ஹெர்குலிஸ் போன்ற போக்குவரத்து விமானங்கள். நான்கு உந்துவிசிறிகளும் சுழல, முன்னால் இறங்கும் பயணிகள் விமானம் விலகும்வரை அதுவும் ஓரமாகக் காத்து நிற்கும். சீறிப் பாயும் ஹார்னெட் போர் விமானங்களுக்குப் பினாங்கிலுள்ள பட்டர்வொர்த் விமானத்தளம் இருக்கிறது. சுபாங்கில் ஓடும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானங்களும் உந்துவிசிறி வகைதான், அதனால் வரிசைப்படுத்துவது அவ்வளவு கடினமில்லை.

என்னைக் கேட்டால், சிக்கல் நெரிசல்தான். 1998-இல் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் திறந்தபின் ஓய்ந்திருந்த சுபாங்குக்கு 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் பயணிகள் ஜெட் விமானங்கள் வந்தன. வரிசை நீளத்தான் செய்யும். அப்புறம், வெள்ள நிவாரணத்துக்கு ஒரு ஹெர்குலிஸ் கிளம்பினால், அதற்காக நாம் கொஞ்சம் தாராளமாகவே காத்திருக்கலாம்.